அப்கிரேட் முடிந்தது, சேர்வர் உள்ளே விடவில்லை: எஸ்எஸ்எச் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை டவுனிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலும் சில ஹோட்டல்கள், ஒரு டியூட்டரி, இரண்டு மூன்று கடைகள் என்று சின்னச் சின்ன இடங்களின் லினக்ஸ் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வேறிடத்தில் இருந்தபடியே சேர்வருக்குள் நுழைந்து கட்டளை அடிக்கும் வழிதான் எஸ்எஸ்எச். மாதத்துக்கு ஒரு தரமாவது யாராவது போன் எடுத்து, "அப்கிரேட் போட்டனான், இப்ப உள்ளுக்குப் போக ஏலாமல் கிடக்கு" என்பார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்ததால் எழுதி வைக்கிறேன். கட்டளைகளைப் போனில் சொல்லிக்கொடுப்பதுபோலவே எழுதியிருக்கிறேன். 'கோடு' என்றால் மைனஸ் குறி. கொன்பிக் பைலில் (எஸ்எஸ்எச்சின் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் பைல்) வரும் பெயர்கள் எல்லாம் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக அடிக்க வேண்டியவை.

அண்ணா, அப்கிரேட் இப்பத்தான் முடிஞ்சுது. புது விண்டோவில எஸ்எஸ்எச் போகுதில்லை. பழைய விண்டோ இன்னும் திறந்துதான் கிடக்கு. என்ன செய்யிறது?

அந்தப் பழைய விண்டோவை மூடாதீர்கள். ரீபூட் அடிக்காதீர்கள். லப்டொப்பின் மூடியைக்கூடச் சாத்தாதீர்கள், வைஃபை அறுந்தால் அதுவும் போய்விடும்.

எஸ்எஸ்எச்டி (சேர்வரில் ஓடி எஸ்எஸ்எச் இணைப்புகளை வாங்கும் சேவை) ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பிள்ளையைப் பெற்று உள்ளே அனுப்பிவிட்டு, தான் திரும்பவும் வாசலில் போய் நிற்கும். உபுண்டுவிலும் டெபியனிலும் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் வாசலில் நிற்கும் தாய்தான் விழும். ஏற்கெனவே உள்ளே போன பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே அந்த ஒரு விண்டோ கையில் இருக்கும்வரை எத்தனை தரமும் உடைத்துத் திருத்தலாம். முதல் வேலையாக அதில் 'சூடோ கோடு ஐ' அடித்து ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) ஆகிவிடுங்கள். சூடோவும் பிறகு மக்கர் பண்ணக்கூடும், காரணம் கீழே வருகிறது. திருத்தி முடித்து, வேறொரு புது விண்டோவில் உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் பழையதை மூட வேண்டும்.

அதைத்தான் மூடிப்போட்டன். இனி எங்கயிருந்து தொடங்கிறது?

உங்கள் திரையில் வந்த அந்த ஒரு வரியிலிருந்து. பலர் போனில், "எரர் ஒண்டு வருது" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எந்த எரர் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

'கனெக்ஷன் ரிஃப்யூஸ்ட்' என்று என்டர் தட்டிய கையோடு வந்தால், சேர்வர் உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் (இணைப்பு வரும் இலக்கமிட்ட வாசலில்) கேட்பதற்குத்தான் ஆளில்லை. 'கனெக்ஷன் டைம்ட் அவுட்' என்று இழுத்தடித்து வந்தால், நீங்கள் அனுப்பியதற்குப் பதிலே வரவில்லை: இடையில் பயர்வோல், அல்லது ஐபி முகவரி மாறியிருக்கிறது, அல்லது சேர்வரே பூட் ஆகவில்லை. 'பெர்மிஷன் டினைட்' வந்தால் மூன்றிலும் அதுதான் நல்ல செய்தி. சேவை ஓடுகிறது, பாதை திறந்திருக்கிறது, உங்களைத்தான் அதற்குப் பிடிக்கவில்லை.

எழும்பவில்லையா, எட்டவில்லையா, ஏற்கவில்லையா என்று தெரிந்துகொள்ளாமல் கொன்பிக் பைலில் கை வைக்க வேண்டாம். ஒரு பிழையோடு போய் மூன்று பிழையோடு திரும்பி வருவீர்கள்.

உள்ளே போக வேறு வழி: சேர்வர் சிங்கப்பூரிலோ மும்பையிலோ வாடகைக்கு எடுத்தது என்றால், அதைத் தந்தவர்களின் பக்கத்தில் 'கொன்சோல்' என்று ஒன்று இருக்கும். அது எஸ்எஸ்எச் வழியாக வருவதில்லை, மொனிட்டரும் கீபோர்டும் சொருகியதற்குச் சமம். ஆனால் அதற்குப் பாஸ்வேர்ட் வேண்டும். சாவியை (பாஸ்வேர்ட்டுக்குப் பதில் பாவிக்கும் பைல்) மட்டும் நம்பிப் பாஸ்வேர்ட்டே வைக்காதவர்கள் மீட்பு முறையில் பூட் செய்து புதிதாக வைக்க வேண்டியதுதான். இன்னொன்று, உபுண்டுவில் 'டூ கோடு ரிலீஸ் கோடு அப்கிரேட்' என்பதை எஸ்எஸ்எச் வழியாக ஓட்டினால், 1022 ஆம் போர்ட்டில் இரண்டாவது எஸ்எஸ்எச்டி ஒன்றை அதுவே ஏற்றி வைக்கும். ஆபத்துக்கு உதவும் அந்த வாசலைப் பலர் கவனிப்பதே இல்லை. பயர்வோலில் 1022 ஐத் திறந்திருக்க வேண்டும். ரீபூட் வரைக்கும்தான் அதற்கு ஆயுள்.

'கனெக்ஷன் ரிஃப்யூஸ்ட்'தான் வருது. ஏன் சேவை எழும்பாமல் போச்சு?

கொன்சோலில் நின்று மூன்று கட்டளைகள். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் எஸ்எஸ்எச்', பிறகு 'ஜேர்னல்சிடிஎல் கோடு யூ எஸ்எஸ்எச் கோடு பி', பிறகு 'சூடோ எஸ்எஸ்எச்டி கோடு டீ'. ஜேர்னல்சிடிஎல்லில் வரும் பி, பூட் என்பதன் பி. கடைசியில் வருவது சின்ன டீ. அது சேவையை ஏற்றாமல் கொன்பிக் பைலையும் சேர்வரின் சாவிகளையும் மட்டும் வாசித்துப் பார்த்து, பிழை இருந்தால் எத்தனையாம் வரி என்றும் சொல்லிவிடும். ஒன்றும் சொல்லாமல் பிரொம்ப்ட் திரும்பினால் பைல் சரி.

இது எனக்கே நடந்தது. நிலாவெளியில் ஒரு ஹோட்டல், சமையலறைக்குப் பக்கத்து ஸ்டோர்ரூமில் சேர்வர். உபுண்டு 16.04 இலிருந்து 18.04 க்கு ஏற்றிக்கொண்டிருந்தேன், டவுனில் வீட்டில் இருந்தபடியே. இடையில் ஓபன்எஸ்எஸ்எச் (எஸ்எஸ்எச் சேவையைத் தரும் மென்பொருள்) பக்கேஜுக்கு நேரே ஒரு எரர் வரி ஓடியது. கண்ணால் கண்டேன், "பிறகு பாப்பம்" என்று விட்டுவிட்டேன். முடிந்ததும் ரீபூட் கேட்டது, 'வை' அடித்தேன். அவ்வளவுதான். கார்த்திகை மழை, றோட்டில் தண்ணீர், மோட்டார்சைக்கிளில் மொனிட்டரைக் கட்டிக்கொண்டு போனேன். போய்ச் சொருகினால் திரை கறுப்பு. கேபிளின் நுனியைப் பார்த்தால் கடற்காற்றில் ஊசியெல்லாம் பச்சைக் களிம்பு. ஹோட்டல் முதலாளியின் மகளிடம் அழிறப்பர் வாங்கித் தேய்த்த பிறகுதான் எழுத்து தெரிந்தது. (அந்த நுனி இப்போது பொலித்தீன் பையில் இருக்கிறது.)

'சின்ன டீ' சொன்னது ஒரே வரி: 'பேட் எஸ்எஸ்எச்2 சைபர் ஸ்பெக்'. பல வருடங்களுக்கு முன், பைல் கொப்பி வேகமாக நடக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 'சைபர்ஸ்' என்ற வரியில் ஆர்க்போர், ப்ளோஃபிஷ் என்ற இரண்டு பழைய சைபர்களையும் (தரவை மறைத்து அனுப்பும் முறைகள்) நானே சேர்த்திருக்கிறேன். 18.04 இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 7.6, 2017 இல் அந்த இரண்டையும் அடியோடு நீக்கிவிட்ட பதிப்பு. தெரியாத சைபர் பெயர் கண்டால் அது எச்சரித்துவிட்டு ஓடாது, நின்றேவிடும். வரியின் முன் ஒரு ஹாஷ் குறி போட்டுச் சேவையை ஏற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இதில் ஒரு வேறுபாடு உண்டு. 'டெப்ரிகேட்டட் ஒப்ஷன்' என்று வந்தால் வெறும் முணுமுணுப்பு, சேவை ஓடும். 'பேட் கொன்பிகரேஷன் ஒப்ஷன்' அல்லது 'பேட்' என்று தொடங்கும் வேறு எதுவும் வந்தால் ஓடாது.

கொன்பிக்கில பிழை இல்லை எண்டு சொல்லுது. எண்டாலும் எழும்புதில்லையே?

அப்படியானால் ஜேர்னலின் (சேவைகளின் பதிவுகள், ஜேர்னல்சிடிஎல் காட்டுவது) கடைசிப் பத்து வரியைப் பாருங்கள். நான் கண்டவை நான்கு.

'நோ ஹோஸ்ட்கீஸ் அவைலபிள்' என்றால் சேர்வரின் சொந்தச் சாவிகள் இல்லை, அல்லது எல்லோரும் வாசிக்கும்படி திறந்து கிடக்கின்றன. பக்கப்பில் இருந்து ஈடிசி போல்டரை (கொன்பிக் பைல்கள் இருக்கும் இடம்) அப்படியே திரும்பப் போட்டவர்களுக்கு இது வரும். தனிச் சாவிப் பைல்களின் அனுமதி 600 ஆக வேண்டும். சாவியே இல்லாவிட்டால் 'எஸ்எஸ்எச் கோடு கீஜென் கோடு பெரிய ஏ' புதிதாகச் செய்து தரும்.

'மிஸ்ஸிங் ப்ரிவிலேஜ் செப்பரேஷன் டிரெக்டரி' என்றால் 'ரன்' போல்டருக்குள் எஸ்எஸ்எச்டி என்ற துணைப் போல்டர் இல்லை. பெரும்பாலும் கையால் சேவையை ஓட்டிப் பார்க்கும்போது வருவது. போல்டரைச் செய்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

'ஓபன்எஸ்எஸ்எல் வேர்ஷன் மிஸ்மச்' என்பது பாதி அப்கிரேட்டின் அடையாளம். எஸ்எஸ்எச்டி ஒரு ஓபன்எஸ்எஸ்எல் (எஸ்எஸ்எச்டி நம்பியிருக்கும் குறியாக்க மென்பொருள்) பதிப்புக்காகக் கட்டப்பட்டது, கீழே இருப்பதோ இன்னொன்று. ரெட் ஹட் குடும்பத்தில் ஓபன்எஸ்எஸ்எல்லை மட்டும் தனியே ஏற்றியவர்களும், சொந்தமாகக் கொம்பைல் செய்து வைத்தவர்களும் இதில் மாட்டுவார்கள். இரண்டு பக்கேஜையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

நான்காவது 'ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குவிக்லி'. பதற்றத்தில் ரீஸ்டார்ட்டை அடி அடியென்று அடித்தால் சிஸ்டம்டி (சேவைகளை ஏற்றி இறக்கும் நிரல்) கொஞ்ச நேரத்துக்குக் கோபித்துக்கொள்ளும். 'சிஸ்டம்சிடிஎல் ரீசெட் கோடு ஃபெயில்ட் எஸ்எஸ்எச்' அடித்துச் சமாதானப்படுத்துங்கள்.

ஒன்றுமே பிடிபடாவிட்டால், சேவையைத் தொடாமல் வேறொரு போர்ட்டில் பேசும் நிலையில் ஓட்டலாம்: 'ஸ்லாஷ் யூஎஸ்ஆர் ஸ்லாஷ் எஸ்பின் ஸ்லாஷ் எஸ்எஸ்எச்டி கோடு டி கோடு பி 2222'. இதில் வரும் பி, போர்ட்டின் பி. முழுப் பாதையும் கொடுக்காவிட்டால் ஓட மறுக்கும். ஒரே ஒரு இணைப்பை வாங்கி, நடந்த ஒவ்வொன்றையும் திரையில் சொல்லிவிட்டுத் தானே நின்றுவிடும். 2222 ஐப் பயர்வோலில் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'எஸ்எஸ்எச்டி டொட் சேர்விஸ் நொட் பவுண்ட்' எண்டு வருது, பக்கேஜ் அழிஞ்சு போச்சா?

இல்லை. ரெட் ஹட் பக்கம் சேவையின் பெயர் எஸ்எஸ்எச்டி, டெபியன், உபுண்டு பக்கம் எஸ்எஸ்எச். ஒரு எழுத்துத்தான்.

சேவை ஓடுது. ஆனால் நான் வைச்ச போர்ட்ல இல்லை, 22 இல நிக்குது. கொன்பிக்கில போர்ட் வரி சரியாத்தான் கிடக்கு.

உபுண்டு 22.10 இலிருந்து வாசலில் நிற்பது எஸ்எஸ்எச்டி இல்லை. சிஸ்டம்டிதான் 'எஸ்எஸ்எச் டொட் சொக்கெட்' என்ற பெயரில் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். யாராவது தட்டினால்தான் எஸ்எஸ்எச்டியை எழுப்பும். நினைவகம் மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு. 22.04 இலிருந்து 24.04 க்கு நேரே தாவியவர்களுக்கு இது புதிது.

24.04 இல் கொன்பிக் பைலில் உள்ள போர்ட் வரியை வாசித்துச் சொக்கெட்டுக்குச் சொல்லிக்கொடுக்கும் சின்ன நிரல் ஒன்று இருக்கிறது. ஆனால் அது ஓடுவது சிஸ்டம்டி தன் பைல்களைத் திரும்ப வாசிக்கும்போதுதான். ஆகவே போர்ட்டை மாற்றியபின் எஸ்எஸ்எச்சை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காது. முதலில் 'சிஸ்டம்சிடிஎல் டீமன் கோடு ரீலோட்', பிறகு 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எஸ்எச் டொட் சொக்கெட்'. எந்தப் போர்ட்டில் யார் நிற்கிறார் என்று 'எஸ்எஸ் கோடு டீஎல்என்பி' காட்டும்.

எனக்கு இந்தச் சொக்கெட் ஏற்பாடு பிடிக்காது. ஒரு ஹோட்டல் சேர்வரில் மிச்சம் பிடிக்கும் சில மெகாபைட்டுக்காக இரண்டு இடத்தில் போர்ட்டைத் தேடுவதா? சொக்கெட்டை 'டிசேபிள்' செய்து, எஸ்எஸ்எச் டொட் சேர்விஸை 'எனேபிள்' செய்து, இரண்டிலும் 'கோடு கோடு நவ்' சேர்த்துவிட்டால் பழைய முறைக்கே திரும்பலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ரெட் ஹட் குடும்பத்தில் 22 ஐ விட்டு வேறு போர்ட் வைப்பவர்கள் எஸ்ஈலினக்ஸுக்கும் (அங்கே இருக்கும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போர்ட்டைப் பிடிக்கவே விடாது.

எனக்கு 'டைம்ட் அவுட்'.

கொன்சோலில் போய் 'யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்' அடித்துச் சேர்வரின் உள் பயர்வோலைப் பாருங்கள். பிறகு சேர்வர் தந்தவர்களின் பக்கத்தில் உள்ள வெளிப் பயர்வோலைப் பாருங்கள், அது வேறு, இது வேறு. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சேர்வர் என்றால், அப்கிரேட்டுக்குப் பிறகு நெட்வேர்க் கார்ட்டின் பெயர் மாறி வேறு உள் முகவரி வாங்கியிருக்கும், ரவுட்டரோ இன்னும் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

தம்பி, நாலு வருசமா இதே சாவியாலதான் போறன். இப்ப 'சேர்வர் ரிஃப்யூஸ்ட் அவர் கீ' எண்டுது. சாவி பழுதாப்போச்சா?

அக்கா, சாவி பழுதாகவில்லை. அதைக் கொண்டு கையெழுத்துப் போடும் முறைதான் செல்லாக் காசாகிவிட்டது.

ஆர்எஸ்ஏ என்ற வகைச் சாவி ஒன்று கையில் இருந்தால், அதைக் கொண்டு ஷா-1 என்ற பழைய முறையிலும் கையெழுத்துப் போடலாம், ஷா-2 என்ற புதிய முறையிலும் போடலாம். ஷா-1 ஐ ஏமாற்றி, வேண்டியபடி மோதல் (இரண்டு வேறு தரவுக்கு ஒரே அடையாளம்) உண்டாக்க 50 ஆயிரம் அமெரிக்க டொலருக்கும் குறைவாகவே செலவாகும் என்ற நிலை வந்ததால், 2021 செப்டம்பரில் வெளிவந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8 ஷா-1 கையெழுத்தை இயல்பாகவே ஏற்காமல் விட்டது. உபுண்டு 20.04 இல் இருப்பது 8.2, 22.04 இல் 8.9. அதாவது அந்த ஒரு அப்கிரேட்டில் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

குழப்பம் எங்கே என்றால், 'எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ' என்ற ஒரே பெயர் சாவியின் வகைக்கும் உண்டு, பழைய கையெழுத்து முறைக்கும் உண்டு. சேர்வரின் லொக்கில் (பதிவுகளில்) 'கீ டைப் எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ நொட் இன் பப்கீஅக்செப்டட்அல்கோரிதம்ஸ்' என்று இருப்பதைப் பார்த்து, ஆர்எஸ்ஏ சாவியே கூடாதாம் என்று எல்லாவற்றையும் அழித்தவர்கள் உண்டு. அழிக்க வேண்டாம். புதிய மென்பொருளால் அதே சாவியைக் கொண்டு ஷா-2 கையெழுத்துப் போட முடியும். ஓபன்எஸ்எஸ்எச் 7.2 இலிருந்து, அதாவது 2016 இலிருந்து அதற்குத் தெரியும். விண்டோஸில் புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருள் பாவிப்பவர்களுக்கு 2021 இல் வந்த 0.75 பதிப்பிலிருந்து. டெஸ்க்டொப்பில் வருடக்கணக்காகக் கிடக்கும் புட்டியைப் புதுப்பித்தாலே இந்தக் கேள்வியில் பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும் அக்கா.

புதுச் சாவியே செய்வதென்றால் 'எஸ்எஸ்எச் கோடு கீஜென் கோடு டீ ஈடி25519'. அதன் பொதுப் பாதி ஒரே வரிக்குள் அடங்கும், வட்ஸ்அப்பில் ஒட்டும்போது முறியாது. தனிப் பாதியை யாருக்கும், எனக்கும்கூட, அனுப்பாதீர்கள்.

மென்பொருளை மாற்ற முடியாத இடங்களும் இருக்கின்றன. டவுனில் ஒரு கந்தோரில், ஸ்கேன் செய்ததை நேரே சேர்வருக்கு அனுப்பும் போட்டோக்கொப்பி மெஷின் இருந்தது. அதற்குப் புதிய மென்பொருள் வரப்போவதில்லை. அங்கே கொன்பிக் பைலின் அடியில் 'மச் யூசர்' என்று அந்த மெஷினின் கணக்குக்கு மட்டும் ஒரு பகுதி எழுதி, அதன் கீழ் 'பப்கீஅக்செப்டட்அல்கோரிதம்ஸ்', இடைவெளி, பிளஸ் குறி, ஒட்டியே 'எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ' என்று போட்டேன். பிளஸ் குறியை மறந்தால் மற்ற எல்லா முறைகளையும் தள்ளிவிட்டு இதை மட்டும் ஏற்கும். எல்லோருக்கும் பொதுவாக இதைப் போட வேண்டாம். ரெட் ஹட் 9 இல் இது மட்டும் போதாது, அமைப்பு முழுவதற்குமான கிரிப்டோ பொலிசியும் ஷா-1 ஐத் தடுக்கும்.

டிஎஸ்ஏ என்ற பழைய வகைச் சாவி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகையும் இல்லை. 2015 இல் 7.0 அதை இயல்பாக அணைத்தது, 2025 ஏப்ரலில் வந்த 10.0 துடைத்தே எடுத்துவிட்டது. டெபியன் 13 இல் இருப்பது அந்த 10.0.

சாவி புதியது, மென்பொருள் புதியது, அப்படியும் விடவில்லையென்றால் அனுமதிகளைப் பாருங்கள். லொக்கில் 'பேட் ஓனர்ஷிப் ஓர் மோட்ஸ்' இருக்கும். பக்கப்பைத் திரும்பப் போட்டபோது யாரோ 777 கொடுத்திருப்பார்கள். வீட்டுப் போல்டர் 755, டொட் எஸ்எஸ்எச் போல்டர் 700, உள்ளே ஒதரைஸ்ட்-கீஸ் பைல் 600.

பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறன். கொன்பிக் பைலில 'பாஸ்வேர்ட்ஒதென்டிகேஷன் யெஸ்' எண்டும் இருக்கு. எண்டாலும் விடுதில்லை.

வேறு பல மென்பொருள்களில் கடைசியில் எழுதியதே செல்லும். எஸ்எஸ்எச்டியில் முதலில் வாசித்ததே செல்லும். டெபியன், உபுண்டு பைல்களின் தலைமாட்டிலேயே 'இன்க்ளூட்' வரி ஒன்று, எஸ்எஸ்எச்டி-கொன்பிக் டொட் டி என்ற போல்டரில் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். வாடகைச் சேர்வர்களில் அதற்குள் '50-கிளவுட்-இனிட்' என்ற பைல் 'நோ' என்று சொல்லிக்கொண்டிருக்கும். நீங்கள் கீழே எத்தனை தரம் 'யெஸ்' எழுதினாலும் காதில் ஏறாது.

பைல் பைலாகத் தேட வேண்டாம். 'சூடோ எஸ்எஸ்எச்டி கோடு பெரிய டீ' அடித்தால், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து இறுதியில் எது செல்கிறது என்று முழுப் பட்டியலையும் தரும். சின்ன டீ சோதிக்கும், பெரிய டீ காட்டும்.

ரூட்டாக நேரே போகப் பார்ப்பவர்களுக்கு: 2015 இலிருந்து ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் வாசல் இயல்பாகவே பூட்டு, சாவியால் மட்டும்தான்.

எல்லாம் சரி, அப்படியும் மறுக்கிறது, சூடோவும் மறுக்கிறது, கொன்சோலிலும் மறுக்கிறது என்றால் பிழை எஸ்எஸ்எச்சில் இல்லை, 'பாம்' என்ற அடுக்கில் (உள்ளே வருபவரை லினக்ஸில் சரிபார்க்கும் பகுதி). பிழையான பாஸ்வேர்ட்டை எண்ணிக் கணக்கைப் பூட்ட 'பாம்-டாலி2' என்று ஒன்று முன்பு இருந்தது. 2020 இல் லினக்ஸ்-பாம் 1.5.0 அதை எடுத்துவிட்டு 'பாம்-ஃபெயில்லொக்'குக்கு இடம் கொடுத்தது. டெபியன் 11 தன் 1.4.0 பதிப்பிலேயே எடுத்துவிட்டது. பழைய வரி இன்னும் பாம் டொட் டி போல்டரில் கிடந்தால், இல்லாத ஒன்றைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோரையும் திருப்பி அனுப்பும். மீட்பு முறையில் பூட் செய்து அந்த வரியை எடுக்க வேண்டும். திறந்த விண்டோவில் முதலே ரூட் ஆகச் சொன்னது இதற்குத்தான்.

உள்ள போக போன்ல வாற ஆறு இலக்க நம்பரை இப்ப கேக்கிறதே இல்லை.

அப்கிரேட் இடையில், உங்கள் கொன்பிக்கை வைக்கவா, புதியதைப் போடவா என்று கேட்டபோது புதியதைத் தெரிவுசெய்திருப்பீர்கள். முன்பு 'செலஞ்ச்ரெஸ்பொன்ஸ்ஒதென்டிகேஷன்' என்றிருந்த பெயர் 8.7 இலிருந்து 'கேபிடிஇன்டராக்டிவ்ஒதென்டிகேஷன்' ஆகிவிட்டது. உபுண்டுவின் புதிய பைலில் அது 'நோ'. 'யெஸ்' ஆக்குங்கள். உங்கள் பழைய பைலும் தொலையவில்லை, அதே போல்டரில் வால் ஒன்று ஒட்டி 'யூசிஎஃப்-ஓல்ட்' என்ற பெயரில் பக்கத்திலேயே கிடக்கும்.

முதல் நாலைஞ்சு தரம் பெர்மிஷன் டினைட் வந்தது. பிறகு அதுவும் இல்லை, ரிஃப்யூஸ்ட் எண்டுது. நான் ஒண்டும் மாத்தேல்லையே?

நீங்கள் மாற்றவில்லை, உங்களைக் காவல்காரன் வெளியே போட்டுவிட்டான். ஃபெயில்2பான் (தவறிக்கொண்டே இருப்பவர்களைப் பயர்வோலில் தடுக்கும் நிரல்) இருந்தால் 10 நிமிடத்துக்குள் 5 தரம் தவறியவரை 10 நிமிடத்துக்குத் தடுப்பது அதன் வழக்கம். பயர்வோலின் தடை என்றாலும் திரையில் 'ரிஃப்யூஸ்ட்' என்றே காட்டும், சேவை விழுந்துவிட்டது என்று ஏமாந்துவிடாதீர்கள். போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறி ஒருக்கால் முயன்று பாருங்கள். போனால் இதுதான்.

ஓபன்எஸ்எஸ்எச் 9.8 இலிருந்து ஃபெயில்2பான் இல்லாமலே இதைப் போன்ற தண்டனை உள்ளேயே வருகிறது. தவறிக்கொண்டே இருக்கும் முகவரியை அதிகபட்சம் 10 நிமிடம்வரை சேர்க்காது. டியூட்டரியில் ஒரே ரவுட்டருக்குப் பின்னால் இருபது பொடியள் இருந்தால், ஒருவனின் பழைய சாவிக்கு இருபது பேருக்கும் தண்டனை. 'பேர்சோர்ஸ்பெனல்டிஎக்ஸெம்ப்ட்லிஸ்ட்' என்பதில் அந்த முகவரியைச் சேர்க்கலாம்.

அப்கிரேட் பாதியில கரண்ட் போட்டுது.

கொன்சோலில் 'டிபிகேஜி கோடு கோடு கொன்பிகர் கோடு ஏ', முடிந்ததும் 'ஏபிடி கோடு எஃப் இன்ஸ்டோல்'. அதற்கு முன் 'டிஎஃப் கோடு எச்' அடித்து டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பியிருந்தால் இரண்டுமே பாதியில் நிற்கும். யூபிஎஸ் பட்டரி எத்தனை வருடப் பழசு என்பதை அப்கிரேட்டுக்கு முதல் கேட்டிருக்க வேண்டும்.

ரீபூட் கூட அடிக்கேல்லை. புதுப்பிச்ச நிமிசத்திலயிருந்து புது ஆக்களை மட்டும் விடுதில்லை.

ஆர்ச் லினக்ஸ்காரர் 2024 ஜூலையில் கூட்டமாக மாட்டியது இதில்தான். 9.8 இல் எஸ்எஸ்எச்டி இரண்டாகப் பிரிந்தது: வாசலில் நிற்பது ஒரு நிரல், உள்ளே பேசுவது இன்னொன்று. நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய தாய் டிஸ்க்கில் இருந்த புதிய நிரலோடு பொருந்தாமல் எல்லா இணைப்பையும் முறித்தது. திறந்திருக்கும் விண்டோவில் சேவையை ஒரு தரம் ரீஸ்டார்ட் செய்தால் சரி.

அப்ப பழைய வேர்ஷனுக்கே திரும்பிப் போனா என்ன?

அதே 9.8 வந்ததற்கு ஒரு காரணம் சிவிஇ-2024-6387 என்று இலக்கமிட்ட பாதுகாப்பு ஓட்டை. குவாலிஸ் நிறுவனத்தார் கண்டுபிடித்து 'ரெக்ரெஷன்' என்று பெயர் வைத்த ஓட்டை. லினக்ஸில் 8.5 இலிருந்து 9.7 வரை, பாஸ்வேர்ட்டே இல்லாமல் ரூட்டாக நுழைய இடம் கொடுத்தது. விநியோகங்கள் தங்கள் பழைய பதிப்புகளுக்கும் ஒட்டுப்போட்டிருக்கின்றன, ஆனால் நீங்கள் எங்கிருந்தோ எடுத்துப் போடும் பழைய பக்கேஜுக்கு யார் ஒட்டுப்போட்டார்கள்? நான் பின்னோக்கிப் போக உதவ மாட்டேன்.

லொக்கைப் பாருங்கோ எண்டுறீங்கள். 'ஒத் டொட் லொக்' எண்ட பைலே இல்லை. ஜேர்னல்ல இருக்கிற நேரமும் பொருந்துதில்லை.

புதிதாக நிறுவிய டெபியன் 12 இல் அந்தப் பைலை எழுதும் ஆர்சிஸ்லொக் இயல்பாக வருவதில்லை. எல்லாம் ஜேர்னலில்தான். (ஃபெயில்2பானும் அந்தப் பைலைத் தேடிக் காணாமல் எழும்பாது. அதற்கு 'பக்எண்ட்' என்பதைச் சிஸ்டம்டி ஆக்க வேண்டும்.) நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழியுங்கள். இரவு 9.10 க்கு நீங்கள் தட்டியது 15.40 என்று பதிவாகியிருக்கும்.

பெரிய எழுத்தில, யாரோ இடையில நிண்டு ஒட்டுக்கேக்கலாம் எண்டு வருது. பயமாக் கிடக்கு.

சேர்வரின் சொந்தச் சாவி மாறினால் வரும் எச்சரிக்கை. சாதாரண அப்கிரேட் அதை மாற்றாது. புதிதாக நிறுவினாலோ, சாவியைத் திரும்பச் செய்தாலோதான் மாறும். செய்தது நீங்களா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள்: கொன்சோலில் 'எஸ்எஸ்எச் கோடு கீஜென் கோடு எல்எஃப்', பிறகு பொதுச் சாவிப் பைலின் பெயர். அது காட்டும் விரல்ரேகையும் (சாவியின் சுருக்க அடையாளம்) உங்கள் திரையில் வருவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், 'எஸ்எஸ்எச் கோடு கீஜென் கோடு பெரிய ஆர்' கொடுத்துப் பழையதை அழியுங்கள். ஒப்பிடாமல் அழிப்பவர்கள்தான் நிறையப் பேர்.

அடுத்த முறை எப்ப, எப்பிடிச் செய்யலாம்?

வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வெளிநாட்டார் வரும் காலம், ஹோட்டல் சேர்வரைத் தொட வேண்டாம். கார்த்திகை, மார்கழி மழைக்கும் வேண்டாம். மாசி, பங்குனியில் ஒரு செவ்வாய் காலை எனக்கு வசதி.

செய்வதற்கு முதல் கொன்சோலில் ஒரு தரம் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போய்ப் பாருங்கள். கொன்பிக்கை மாற்றும்போது எனக்குப் பழக்கமான ஒரு தந்திரம்: நல்ல பைலை வேறு பெயரில் கொப்பி எடுத்துவிட்டு, அதைத் திரும்ப வைத்துச் சேவையை ரீஸ்டார்ட் செய்யும்படி 'அட்' கட்டளையிடம் 10 நிமிடம் கழித்துச் செய்யச் சொல்லிவிடுவேன். மாற்றம் சரி என்றால் 'அட்ஆர்எம்' கொடுத்து அந்த வேலையை நீக்கிவிடலாம். பூட்டுப்பட்டுப் போனால் பிளேன்ரீ ஒன்று ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள், 10 நிமிடத்தில் அதுவே திறந்துவிடும். 'அட்' நிறுவியிருக்கிறதா என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள். பல சேர்வர்களில் இருப்பதில்லை.